ஈஸ்ட் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, "பன்னுக்குப் போடுகிற ஈஸ்ட்டைப் படிக்க எம்.எஸ்சி. எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மகள் புராஜெக்டுக்கு எடுக்க நினைப்பது அந்த ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தமான கேண்டிடா ஆரிஸ். ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து, 2009-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். மருந்துக்கு எளிதில் மசியாததால் இன்றைக்கு ஐ.சி.யூ.க்களின் தலைவலி அது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆபத்தான நோய்ப் பூஞ்சைகளின் பட்டியலில் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

தோல் படைக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபுளுகோனசோல் மாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதி ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து இந்த மருந்து வேலையை நிறுத்துகிறது. அந்த நொதிக்கான மரபணு இ.ஆர்.ஜி.11. அதில் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதியின் 132-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபினைல் அலனின் என்ற வேறொன்று வந்துவிட்டால் மருந்து சரியாக ஒட்டாது. நொதி தன் பாட்டுக்கு ஓடும். டி.ஏ.சி.1பி என்ற இன்னொரு மரபணு மாறினால், உள்ளே வந்த மருந்தையே பூஞ்சை பம்பு போட்டு இறைப்பதுபோல் வெளியே தள்ளும். இந்த மாற்றங்கள், பூஞ்சை கோடிக்கணக்கில் பெருகும்போது தற்செயலாக வருபவை. மருந்து மற்றதையெல்லாம் கொன்று, தப்பியதற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. பூஞ்சை மருந்து வகைகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் ஆஸ்பத்திரி லேப், மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என்று போகலாம். தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. ஆராய்ச்சி என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும், மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. ஐந்து வருஷமாவது இழுக்கும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

புராஜெக்டில் சேருவதற்கு முன் கைடிடம் அவள் ஒன்று கேட்கட்டும்: தட்டில் வளர்த்து எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியை நிறுத்தக் குறைந்தது எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்ப்பதோடு சரியா, மரபணு எழுத்துகளைப் படித்து வரும் சீக்வென்சிங் டேட்டாவையும் அவளே கையாள விடுவார்களா? இரண்டும் கைவந்தால் பூஞ்சையை விட்டு வேறு கிருமிக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள். அந்த டேட்டாவுக்கு உதவும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை இந்த லீவிலேயே ஆரம்பிக்கலாம்.

அப்புறம், கேண்டிடா ஆரிஸை எல்லாக் கல்லூரி லேபிலும் தொட விடமாட்டார்கள். அப்போது அதன் மரபணுவைப் பேக்கரி ஈஸ்ட்டுக்குள் வைத்துச் சோதிப்பதுண்டு. 1996-லேயே மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்ட, சொன்னபடி கேட்கிற உயிர் அது. ஆக, உங்கள் பன் ஈஸ்ட்டும் அவள் மேசைக்கு வரத்தான் போகிறது.