மூட்டுவலி வந்த பூனைக்கு சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா?

உங்கள் பூனைக்கு 13 வயது, மாடிப்படி ஏறத் திணறுகிறது, ஆன்லைனில் விற்கிற, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற சிபிடி எண்ணெயை நாலு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்டாமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

நாங்கள் மதுரை செல்லூர். மூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரைத் திருவிழா வேட்டுச் சத்தத்தில் எங்கள் பூனை கருப்பாயி கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியவள் ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் வைக்கவில்லை. பெங்களூரிலிருந்து அழகர் பார்க்க வந்த கொழுந்தனார் கையில், அவர் நாய்க்கு வாங்கிய இதே மாதிரி எண்ணெய் பாட்டில் இருந்தது. மூலிகைதானே என்று ஃபில்லரில் கொஞ்சம் உறிஞ்சி அவள் வாயோரத்தில் விட்டேன். நுரை நுரையாக ஜொள்ளு விட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் நிற்க முடியாமல் தள்ளாடினாள். கண்மணி முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. நடந்த இடமெல்லாம் மூத்திரம் சொட்டியது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

டாக்டர், "எலி மருந்து ஏதும் வச்சிருந்தீங்களாம்மா?" என்றார். "எதைத் தின்னுச்சுன்னு தெரியலைங்க சார்" என்று சொல்லிவிட்டேன். கஞ்சா என்ற சொல்லை வாயால் சொல்லவே பயம். ரத்தம் எடுத்து, எலி மருந்துக்கான ஊசியும் போட்டு முக்கால் மணி நேரம் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். "நான் போலீஸ் இல்லம்மா. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, இருட்டான இடத்தில் படுக்க வைத்தார்கள். மறுநாள் ராத்திரிதான் தானாக எழுந்து தண்ணீர் குடித்தாள்.

டாக்டர் விளக்கியது இது. கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி. சிபிடி போதை தராது. ஆனால் செடி முழுவதிலிருந்தும் எடுத்த சாற்றில் இரண்டும் இருக்கும். நம் நாட்டில் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூத்த, காய்த்த நுனிகளை. தனி இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் 'விஜயா' என்ற பெயரில் இலைச்சாறு எண்ணெய் ஆயுர்வேத மருந்தாகக் கடைக்கு வருகிறது. 'ஹெம்ப் சீட் ஆயில்' என்பது வெறும் விதை எண்ணெய். அதில் சிபிடி இல்லை என்றே சொல்லலாம், வலிக்கு அது உதவாது.

பூனையின் கல்லீரல் வேறு மாதிரி. சில பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலை அதில் மிக மெதுவாக நடக்கும்; நாம் போடுகிற 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். வலிக்கிறதே என்று அதையும் கொடுத்துவிடாதீர்கள். 2019-ல் வந்த ஓர் ஆய்வில் 8 பூனைகளுக்கு 12 வாரம் சிபிடி கொடுத்துப் பார்த்தார்கள். நாய்களைவிடக் குறைவாகத்தான் ரத்தத்தில் ஏறியது; ஒரு பூனைக்குக் கல்லீரல் என்சைம் கூடிப்போனது. அதாவது நாய்க்கான அளவை வைத்துப் பூனைக்குக் கணக்குப் போடவே முடியாது. வேறு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேலையையும் சிபிடி மாற்றிவிடக்கூடும். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற எஃப்டிஏ இதுவரை எந்த விலங்குக்கும் சிபிடி மருந்து எதையும் அனுமதிக்கவில்லை.

உங்கள் பூனைக்கு முதலில் எக்ஸ்ரே எடுங்கள், கூடவே கிட்னிக்கும் ரத்தப் பரிசோதனை. இந்த வயதில் வலி மருந்தைத் தீர்மானிப்பதே கிட்னிதான். அதுவரை அது மலஜலம் கழிக்கிற மண் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்வாக்குங்கள், அது ஏறிப் படுக்கிற இடத்துக்கு ஒரு முக்காலி போடுங்கள். கருப்பாயிக்கு இப்போதெல்லாம் திருவிழாவுக்கு முன்பே டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைதான்.

ஏற்கெனவே எண்ணெய் உள்ளே போயிருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறிவிடும். துண்டில் சுற்றி, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.