ஆப்பிள் கறுப்பது இரும்பால் அல்ல

ஆப்பிளைக் கத்தியால் சுரண்டினால் மெழுகு வருகிறது. சாப்பிடலாமா? (வாசகி, திருச்சி)

சாப்பிடலாம். ஆப்பிள் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பறித்துக் கழுவும்போது அதில் கொஞ்சம் போய்விடுவதால், பழம் வாடாமல் இருக்க அரக்கு, கார்னோபா மெழுகு போன்ற அனுமதிக்கப்பட்டவற்றை மெல்லியதாகப் பூசுவதுண்டு. குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். தோலைச் சீவி எறியாதீர்கள். ஏறக்குறைய பாதி நார்ச்சத்து அதோடு போய்விடும்.

குழந்தை ஆப்பிள் விதையை விழுங்கிவிட்டது. விஷமா? (வாசகர், ஈரோடு)

ஒன்றிரண்டு விதையை மெல்லாமல் முழுதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. சின்னக் குழந்தைக்கு விதையைவிட பச்சைத் துண்டு தொண்டையில் அடைப்பதுதான் ஆபத்து. வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

14 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 8. நறுக்கினால் கறுக்கும் அளவுக்கு ஆப்பிளில் இரும்பு இருக்கிறதே என்று தினமும் இரண்டு கொடுக்கிறேன். மாத்திரையும் தேவையா? (வாசகி, திண்டுக்கல்)

தேவை. இன்றே ஆரம்பியுங்கள். இந்தக் கறுப்பு நம்பிக்கையால் எத்தனை பெண் பிள்ளைகள் சோகையோடு வளர்கிறார்கள் என்று நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது. நறுக்கியதும் பழத்திலுள்ள ஃபீனால் பொருட்கள், அங்கேயே இருக்கும் ஒரு நொதியின் வேலையால் காற்றுப்பட்டுப் பழுப்பாகின்றன. கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது இப்படித்தான். 100 கிராம் ஆப்பிளில் இரும்பு 0.1 மில்லிகிராம்தான். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 15 மில்லிகிராமுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருத்துவர் எழுதிய மாத்திரையை அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரை, எள், கேழ்வரகு, அசைவம் உண்டென்றால் ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யா. அதில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 200 மில்லிகிராம், ஆப்பிளில் ஐந்தோ ஆறோ. இரும்பு உடம்பில் சேர அந்த சி வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி கூடாது, ஒரு மணி நேரமாவது போகட்டும். ஆப்பிள் வாங்கும் காசில் பாதி போதும் இதற்கெல்லாம்.

வாங்கும் ஆப்பிள் எல்லாம் மாவாக இருக்கிறது. ஏன்? (வாசகர், சென்னை)

என்ன ரகம், எந்த மாதம், வீட்டில் எங்கே வைத்தீர்கள், எதுவுமே எழுதவில்லை. நான் எதைச் சொல்வது? ரெட் டெலிஷியஸ் என்றால் சீக்கிரம் மாவாகும். காஷ்மீர், இமாச்சல் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. ஏப்ரலில் வாங்கும் உள்நாட்டுப் பழம் ஆறேழு மாதம் குளிர்கிடங்கில் இருந்தது. வெளியே வந்தால் நம் வெயிலில் சில நாட்களில் தளர்ந்துவிடும். வாங்கியதும் பிரிட்ஜில் வையுங்கள், ஆனால் தனிப் பையில். ஆப்பிள் விடும் எத்திலீன் என்ற வாயுவால் கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகும்.

மதுரையில் மாடித் தொட்டியில் விதை போட்டேன், முளைத்துவிட்டது. எப்போது காய்க்கும்? (வாசகி)

அதை நம்பாதீர்கள். விதைக்கன்று தாய் ரகத்தைப் போல் இராது, ஒட்டுக்கன்றுதான் வேண்டும். டெலிஷியஸ் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1000 மணி நேரக் குளிர் தேவை. மதுரைக்கு அது ஏது? ஆசை விடவில்லை என்றால் குளிர் குறைவாகக் கேட்கும் அன்னா ரகம், அல்லது இமாச்சலின் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்-99. அன்னாவுக்குப் பக்கத்தில் டார்செட் கோல்டன் ரக மரம் ஒன்றும் இருந்தால் மகரந்தம் சேரும்.

சர்க்கரை நோயாளி ஆப்பிள் ஜூஸ் குடிக்கலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். சிறிய பழம் ஒன்று, கடித்து, தோலோடு.