சுவரில் பாசி, பையில் ஓட்டை

கேள்வி: எங்கள் தொடர்மாடியின் முன்சுவரில் இலைக்கனால் ‘உயிருள்ள ஓவியம்’ வளர்த்துத் தருவதாக ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். மூன்று மாதத்தில் படம் தெரியுமாம். (வெள்ளவத்தை)

பதில்: கொடுக்காதீர்கள். இலைக்கன் (lichen) என்பது பங்கசும் அல்காவும் கூடி வாழும் உயிர். கல்லில் ஒட்டிப் படரும் இலைக்கன்களில் பல, வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்கூட வளர்வதில்லை. மூன்று மாதத்தில் படம் தெரிந்தால் அது பெயின்ட்.

கேள்வி: ‘பராமரிப்பே வேண்டாத உயிர்ப் பாசிச் சுவர்’ என்று வாங்கி வரவேற்பறையில் பொருத்தினோம். மழை தொடங்கியதும் பிசுபிசுத்துப் பச்சைச் சாயம் வழிகிறது. தண்ணீர் தெளிக்காததால்தான் என்கிறார் கடைக்காரர். (கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. இப்படிப் பாசி என்று விற்பதில் பெரும்பகுதி, வட ஐரோப்பாவில் கலைமான் மேயும் நிலத்தில் வளரும் இலைக்கன். பறித்து, கிளிசரின் அல்லது உப்புக் கரைசலில் ஊறவைத்து, சாயமேற்றித்தான் அனுப்புகிறார்கள். கப்பல் ஏறும்போதே செத்துவிட்டது. செத்ததற்குத் தண்ணீர் எதற்கு? அந்தக் கரைசலே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏசி ஓடும் வரண்ட அறையில் நிற்கும், கடற்காற்று வரும் கொழும்பு வீட்டில் ஒழுகும். இதை விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டாமா? பச்சையாக எதைக் கண்டாலும் ‘உயிர்’ என்று எழுதி ஒட்டும் இந்தப் பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. நானும் குளியலறைக்கு இந்தப் பாசிச் சட்டகம் ஒன்று வாங்கி மாட்டினேன். கீழே இருந்த வெள்ளைச் சுவர் இன்னும் பச்சைதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய் விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. பற்றுச்சீட்டும் விளம்பரத்தின் படமும் இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: காணொளி பார்த்து, ‘பாசித் தூள்’ பக்கற் வாங்கி, தயிரும் சீனியும் சேர்த்து மதில் முழுக்கப் பூசினேன். எறும்புதான் வந்தது. பில் இல்லை, விற்றவரின் பெயரும் தெரியாது. யாரிடம் முறையிடுவது? (தெஹிவளை)

பதில்: எறும்பிடம்.

கேள்வி: பழைய மதிலில் தானாகவே சாம்பல் வட்டங்கள் வந்திருக்கின்றன. பிரஷர் வோஷர் பிடித்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மதில் விழும் என்கிறார் மேசன் பாஸ். (மட்டக்குளி)

பதில்: அவை இலைக்கனாகத்தான் இருக்கும். அதனால் மதில் விழாது. அந்த வேகத் தண்ணீர்தான் பழைய பூச்சைப் பெயர்க்கும். காசு கேட்காமல் வந்த ஓவியம், விடுங்கள். மதில் எப்போதும் ஈரமாக இருந்தால் மட்டும் பீலியையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். அதற்கு வேறு பாஸைக் கூப்பிடுங்கள்.