'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்தில் 'கெட் லக்கி' தவிர வேறென்ன இருக்கிறது?

டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை ஜோடியின் 2013 ஆல்பத்தில் 'கெட் லக்கி' மட்டும்தான் தேறும், மற்ற பாட்டெல்லாம் இழுவை, இதற்கு ஏன் இத்தனை கிராமி விருது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஒரு வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு சமையல் செய்துகொண்டே கேட்டால் அப்படித்தான் தோன்றும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பையனுடைய பெரிய ஹெட்போனை இரவல் வாங்கி, படுத்துக்கொண்டே மூன்றாவது பாட்டைக் கேட்டேன். அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

அந்தப் பாட்டு 'ஜார்ஜியோ பை மொரோடர்'. ஒன்பது நிமிடம். தொடக்கத்தில் பாட்டே இருக்காது. பின்னால் உணவகச் சலசலப்பு, முன்னால் ஒரு பெரியவர் இத்தாலிய வாடையுள்ள ஆங்கிலத்தில் தன் கதையைச் சொல்கிறார். சின்ன வயதில் கிளப்புகளில் அரை மணி நேரம் பாடிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் காரிலேயே படுத்துத் தூங்கிய கதை. அவர்தான் ஜார்ஜியோ மொரோடர். 1977-ல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டின் இசையை ஏறக்குறைய முழுவதும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியிலேயே கட்டியவர். இன்றைய எலக்ட்ரானிக் நடன இசைக்கு அந்தப் பாட்டு ஒரு தாய்வீடு. கதையில் அவர் 'கிளிக்' என்ற தாளக்குறியைப் பற்றிச் சொல்லும்போது, பின்னால் நிஜமாகவே அந்த டிக் டிக் சத்தம் வருகிறது. தன் பெயரைச் சொல்லி முடிக்கிறார், சிந்தசைசர் கிளம்புகிறது. எனக்கு அந்த இடத்தில் இன்றைக்கும் புல்லரிக்கும்.

இந்தப் பேச்சைப் பதிவு செய்தபோது நடந்ததை மொரோடரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோவுக்குள் போனால் ஒன்றுக்கு மூன்று மைக். ஒன்று 60-களைச் சேர்ந்தது, இன்னொன்று 70-களைச் சேர்ந்தது, மூன்றாவது இன்றைய மைக். எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தக் காலத்து மைக்கில் குரல் பதிவாக வேண்டுமாம். இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒலிப்பொறியாளரிடம் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாது, ஆனால் டாஃப்ட் பங்க் இருவருக்கும் தெரியும் என்று பதில் வந்திருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? டாஃப்ட் பங்க்கின் இருவரான தோமா பாங்கால்டெரும் கி-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோவும் அதுவரை பேர் வாங்கியது பெரும்பாலும் சாம்பிள், அதாவது பழைய பாட்டுகளின் துண்டுகளை, வைத்துத்தான். 2001-ல் வந்த 'டிஸ்கவரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன் மோர் டைம்' எடி ஜான்ஸ் பாட்டின் துண்டுகளிலிருந்து பிறந்தது. 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' எட்வின் பேர்ட்சாங் பாட்டிலிருந்து. யாரோ எப்போதோ வாசித்ததை வெட்டி, ஒட்டி, திருப்பிப் போட்டு உருவாக்கிய இசை. அழகான இசைதான், மறுக்கவில்லை. ஆனால் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' செய்ய உட்கார்ந்தபோது, பழைய இசைத்தட்டை விட்டுவிட்டு அப்படிப்பட்ட தட்டுகளில் வாசித்த கைகளையே கூப்பிட்டுவிட்டார்கள். 'ஷிக்' என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் கிதார் வாசித்தார். மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் தி வால்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஜான் ராபின்சன் வந்தார். டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஓமர் ஹக்கீம் வந்தார். பதிவு டேப்பிலும் போனது, கணினியிலும் போனது. பதின்மூன்று பாட்டில் சாம்பிள் உள்ளது கடைசிப் பாட்டான 'கான்டாக்ட்'டில் மட்டும்தான். முழுக்க முழுக்க எலக்ட்ரானிக் என்றால் 'டூயின் இட் ரைட்' ஒன்றுதான். என் கணக்கில் இது அவர்கள் அடைத்த கடன். மற்றவர்கள் 'பழசுக்கு ஏங்குகிறார்கள்' என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'பியாண்ட்' எனக்கு ஒட்டவே இல்லை. 'டச்' பாட்டில் கொஞ்சம் அதிகமாகவே அடுக்கிவிட்டார்கள். ஆனால் அதில் 70 வயது தாண்டிய பால் வில்லியம்ஸ் பாடத் தொடங்கும் நொடியில் குறை சொல்ல வாய் வராது. 'விதின்' கேளுங்கள். சில்லி கொன்சாலஸின் பியானோ, அதன் மேல் வோகோடர் என்ற குரல் மாற்றும் கருவி வழியாக வரும் இயந்திரக் குரல். தனக்குள் ஒரு உலகம் இருக்கிறது, அதை விளக்கத் தெரியவில்லை என்கிறது அந்த ரோபோ. நாலு நிமிடம்கூட இல்லை, மனசைப் பிசைந்துவிடும்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது இதுதான். 2023-ல் இதே ஆல்பத்தை டிரம்ஸ் இல்லாமல் தனிப்பதிப்பாக வெளியிட்டார்கள். முதலில் அதில் 'ஜார்ஜியோ' பாட்டைக் கேளுங்கள். மொரோடர் இரண்டாவது முறை பேசி முடித்த பிறகு வரும் பகுதியில், சிந்தசைசர் தான்பாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருக்கும், பிசிறு இருக்காது. பிறகு உடனே 2013 பதிப்பைப் போட்டு அதே இடத்துக்கு வாருங்கள். ஓமர் ஹக்கீம் அந்தச் சீரான ஓட்டத்தோடு மல்லுக்கு நிற்பார். ஒரு அடி முந்துகிற மாதிரி, அடுத்தது பின்வாங்குகிற மாதிரி, நடுவில் ஒரே உருட்டல். ஹெட்போன் கட்டாயம். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது.