மைனஸ் 14-இல் பிரேக் வேலை

வணக்கம்.

குளிர் நாடு ஒன்றில் வசிக்கிறேன். காருக்கு மூடிய இடம் கிடையாது, திறந்தவெளியில்தான் நிற்கிறது. பிரேக் பேட், ஆயில், ஃபில்டர் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம். ஆனால் இதுவரை வெயில் காலத்தில்தான் செய்திருக்கிறேன். இப்போது முன்சக்கரத்தில் பிரேக் கீச்சிடுகிறது. காலையில் இன்ஜின் முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆயில் மாற்றும் கெடுவும் நெருங்கிவிட்டது. வெளியே மைனஸ் 14. வாரக் கடைசியில் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

பனிக்கு நடுவே படுத்துக்கொண்டு காரைக் கழற்றி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்த 'ஒரே மூச்சில்'தான்.

வேலை தெரியுமா, கருவி இருக்கிறதா என்று பார்த்தால் வெயில் காலத்துக்குப் போதும். உறைகுளிரில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நடுவில் விரல் மரத்துப்போனால், இதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போக முடியுமா? முடியாத வேலை என்றால் அன்றைக்கு ஸ்பேனரைத் தொடாதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை வடித்துவிட்டு வாட்டர் பம்பைக் கழற்றியவர் பாதியில் எழுந்து போக முடியாது. பேட்டரியைக் கழற்றியவர் தாராளமாகப் போகலாம்.

பேட்டரியிலிருந்தே தொடங்குங்கள். ஸ்டார்ட் ஆகத் திணறுவதற்கு எதையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வினை மந்தமாகிறது. மைனஸ் 18 வாக்கில் ஸ்டார்ட்டருக்குத் தரும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கிறது. பக்கத்துத் தெரு வரை ஹீட்டரையும் பின்கண்ணாடிச் சூட்டையும் போட்டுக்கொண்டு போய்வந்தால், இழந்த சார்ஜ் திரும்ப ஏறாது. பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான உள்ளிடத்தில் வைத்து மெதுவாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ்; மறுநாளே 12.2-க்கு இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது, அல்லது காரில் ஏதோ ஒன்று ரகசியமாக உறிஞ்சுகிறது.

ஒரு எச்சரிக்கை. முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது. ஆனால் அடியோடு தீர்ந்துபோனது மைனஸ் 10-க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். உங்கள் ஊர்க் குளிர் அதற்குப் போதும். பெட்டி உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ சார்ஜரையும் மாட்டாதீர்கள், ஜம்பர் கேபிளையும் கொடுக்காதீர்கள். வெடிக்கும்.

சரி, பிரேக். முதல் சில நிறுத்தங்களில் மட்டும் கீச்சிட்டு அப்புறம் அடங்கினால் அது பெரும்பாலும் இரவில் டிஸ்க்கில் (பேட் பிடித்து நிறுத்தும் இரும்புத் தட்டில்) படிந்த ஈரமும் துருவும்தான். நாள் முழுக்கக் கேட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் காரை நகர்த்தவே வேண்டாம். பேட்தான் என்றால் மாற்றலாம். பாதியில் விட முடிகிற வேலை அது. இரண்டு பக்கமும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் முடித்து, சக்கரத்தை மாட்டி, காரை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள். மறுபக்கம் நாளைக்கும் ஆகலாம், அதுவரை வண்டியை ஓட்டாமல் இருந்தால் சரி.

கையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிரில் முதலில் போவது விரலின் உணர்வு. வலி நின்றுவிட்டதே, பழகிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். உணர்வில்லாத விரல் போல்ட்டைக் கோணலாகப் பிடித்துத் திருகும், மரை கடிபடுவது தெரியாது. அதனால் எந்த போல்ட்டையும் முதல் சில சுற்றுகள் வெறும் விரலால் திருகுங்கள், சுலபமாக இறங்கினால் மட்டும் ஸ்பேனர். அதற்கும் விரல் மசியவில்லையா, உள்ளே போகும் நேரம் வந்துவிட்டது.

மெல்லிய கம்பளிக் கையுறை, அதன்மேல் ஒரு அளவு பெரிதான நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. இறுக்கமான நைட்ரைல் ரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் சீக்கிரம் மரக்க வைக்கும். பெட்ரோலும் பிரேக் கிளீனரும் இந்தக் குளிரிலும் உறையாத திரவங்கள். மைனஸ் 14-லேயே இருந்துகொண்டு, ஆவியாகும்போது தோலை இன்னும் குளிரவைக்கும். கையுறைக்குள் இறங்கினால் அந்த நொடியே கழற்றுங்கள்.

கருவிகளை வீட்டுக்குள் வைத்திருந்து, தேவைப்படுவதை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். குளிர்ந்த ஸ்பேனரை உள்ளே கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் பூக்கும், அதைத் துடைக்காமல் திரும்ப எடுத்துப்போனால் கையில் ஒட்டும். காந்தம் ஒன்று அவசியம். பனிக்குள் விழுந்த நட்டைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். பிளாஸ்டிக் கிளிப், ஒயர் கனெக்டர் எல்லாம் இந்தக் குளிரில் கண்ணாடிபோல் உடையும், ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடுகாட்டிவிட்டுக் கழற்றுங்கள். சாலையில் தூவிய உப்பு காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) போல்ட்டை அரித்திருக்கும். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாளே அடித்து வையுங்கள். பேட்டிலும் டிஸ்க்கிலும் படக்கூடாது.

ஜாக்கியில் சமரசமே கிடையாது. பனியைச் சுரண்டி, கெட்டித் தரை தெரியும்வரை போங்கள். மேலே மணல் தூவி, தடித்த பிளைவுட் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியும், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டும். பனிக்கட்டிமேல் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டையும் வழுக்கும் என்பதால் சரிவான இடம் வேண்டவே வேண்டாம். உறைந்த மண் கல் மாதிரிதான் இருக்கும், மதியம் வெயில் பட்டு இளகினால் ஸ்டாண்டு ஒரு பக்கமாக அமிழும். தார் அல்லது கான்கிரீட் தளம் தேடிப் போங்கள். ஜாக்கி மட்டும் தாங்கியிருக்கும் காருக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது.

காற்றைத் தடுக்கத் தார்ப்பாய் கட்டலாம், உங்களுக்காக. 'காற்றுக் குளிர்' என்று வானிலையில் சொல்லும் எண் மனிதத் தோலுக்கு, காருக்கு இல்லை. ஆனால் அந்தக் கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு எரிப்பது, இன்ஜினை ஓடவிடுவது எல்லாம் கார்பன் மோனாக்சைடுக்கு வாசல் திறந்துவைப்பது. வாசனையும் கிடையாது அதற்கு. தரையில் படுக்க நேர்ந்தால் கீழே நுரைப்பாயோ அட்டையோ போடுங்கள். இணையத்துக் காணொளியில் அரைமணி என்று காட்டுவது சூடான பட்டறையில் எடுத்தது. நீங்கள் ஒரு பக்கத்துக்கே இரண்டு மணிநேரம் ஒதுக்கிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் தொடங்குங்கள். முடித்ததும் காரை நகர்த்தும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். ஒரு 80 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பாருங்கள்.

ஆயில் காத்திருக்கும், ஒரு நிபந்தனையோடு. இப்போது உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். டப்பாவில் 5டபிள்யூ (டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம்) என்று போட்ட ஆயில் மைனஸ் 30-இலும் இன்ஜினைச் சுற்ற விடுகிறதா என்று சோதிக்கப்பட்டது. 20டபிள்யூ-வுக்கு அந்த எல்லை மைனஸ் 15 மட்டுமே. வெயிலுக்கென்று ஊற்றிய கெட்டி ஆயில் இருந்தால் காலைத் திணறலில் அதற்கும் பங்குண்டு, அப்போது காரின் கையேடு சொல்லும் இளகிய ஆயிலுக்கு இந்த வாரமே மாற்றிவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவந்த சூட்டோடு வடியுங்கள், இந்தக் குளிரில் அந்தச் சூடு நெடுநேரம் நிற்காது.