ஹெட்போன் பட்டை உரிந்து கொட்டுகிறது, சரிசெய்ய முடியுமா?

கேட்டவர் எழுதியது: "பத்து வருடப் பழைய ஹெட்போன். சத்தம் அப்படியே இருக்கிறது. தலையில் படுகிற பட்டை மட்டும் கறுப்புக் கறுப்பாக உரிந்து கொட்டுகிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா?"

தூக்கிப் போடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் "புதுசு வாங்குங்க" என்றே எழுதியிருக்கிறார்கள். இதே வார்த்தையை நான் ஒரு வருடம் கேட்டுக் கேட்டு நொந்திருக்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். தலை வாரினால் சீப்பில் கறுப்புத் துணுக்கு வரும். தலையணை உறையில் மிளகுப்பொடி சிந்தினது போலக் கிடக்கும். என் அம்மா பேன் என்றே நினைத்துவிட்டார்.

நான் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இருக்கிறேன். பேட்டிகளையும் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளையும் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் ஹெட்போன் என் தலையில்தான் இருக்கும். 2010-ல் சென்னை ரிச்சி தெருவில், முதன்முதலாகக் கைக்கு வந்த மொத்தப் பணத்தில் வாங்கினேன். ஸ்டூடியோக்களில் வைத்திருப்பார்களே, மடக்குகிற மாதிரி, இடது காதிலிருந்து மட்டும் சுருள் ஒயர் இறங்குமே, அந்த வகை. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள், இல்லையென்றால் குறை சொல்கிறேன் என்பீர்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டையில் இருப்பது தோல் கிடையாது. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியிருக்கிறார்கள். காற்றில் இருக்கிற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று வேதியியலில் படித்திருப்பீர்கள், அதேதான். வியர்வையும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டியைவிட்டு எடுக்காமல் வைத்திருந்தாலும் உரியும். இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் ஜூனில் மூட்டம் இறங்கினால் நவம்பர் வரைக்கும் துணி சரியாகக் காயாது, பீரோவில் தொங்குகிற பெல்ட்டில்கூடப் பூஞ்சை பிடிக்கும். அதனால் "நீ ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உள்ளே சத்தம் எழுப்புகிற டிரைவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனது மேல்தோல் மட்டும்தான்.

நானும் முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். பட்டையின் மேல் சுற்றி ஜிப் போட்டு மூடுகிற துணி உறைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அழுக்கானால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். ஆர்டர் போட்டேன். இரண்டு முறையும் என் வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனது. முதல் முறை "முகவரியில் ஆள் இல்லை", இரண்டாவது முறை "வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்". நான் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், போன் கையில்தான் இருந்தது. ஒரு அழைப்புகூட வரவில்லை. விசாரித்தால், "சேலம் வந்து எடுத்துக்கோங்களேன் மேடம்" என்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, முப்பது கிலோமீட்டர் போய் எடுத்துக்கொள்வதற்கா டெலிவரி கட்டணம் வாங்குகிறீர்கள்? ஹெட்போன் உறை போனால் போகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மகன் அனுப்பிய சர்க்கரை மாத்திரையும் இப்படித்தான் திரும்பிப் போனது. மலையில் இருப்பவர்கள் மறுத்ததாக எழுதிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைப்பு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் ஹெட்போனையே எடுத்துக்கொண்டு போவோம் என்று பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. வண்டி சீட் கவர் தைக்கிற கடையில் ரெக்சின் போட்டுத் தருகிறேன் என்றார்கள். மடித்துப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. ஆறு மணி நேரம் உச்சந்தலையில் அது உட்கார்ந்தால் தலை வலிக்கும்.

கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஹெட்போனை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"இது ஒரு பை மாதிரிதாம்மா. எப்படிப் பிரிக்கிறமோ அப்படியே மூடணும். பழசத் தூக்கிப் போட்டுறாதீங்க, அதுதான் அளவு."

நான் பார்த்த ஆட்களிலேயே அந்தப் பொருளைக் கையில் எடுத்து முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். செருப்புக்கு உள்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஆட்டுத்தோல், வாணியம்பாடியிலிருந்து வருவது என்றார், ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். மெழுகு பூசிய நூலும் வளைந்த ஊசி ஒன்றும் கொடுத்தார். எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். தைத்தே தருகிறேன் என்றார்தான். உள்ளே ஒயர் ஓடுகிறது என்பதால் நானே செய்கிறேன் என்று வாங்கி வந்தேன்.

இனி வேலை. பழைய நூலை பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஃபோம் வெல்லப்பாகு மாதிரி இளகி விரலில் ஒட்டியது. அதைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் எஃகுத் தகட்டைத் துடைத்தேன். அப்புறம் பழைய உறையைத் தடிமனான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் தட்டையாகிவிடும். அதைத் தோலின் மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பழைய துளை ஒவ்வொன்றின் வழியாகவும் குண்டூசியால் புள்ளி வைத்தேன். ஓரத்துக்கு நாற்பத்தாறு துளை. இந்தப் புள்ளி வைக்கிற வேலைக்கு அவசரப்படாதீர்கள். இரண்டு ஓரத்திலும் துளை எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் தையல் தானாக நேராக வரும். ஒன்று கூடக் குறைய இருந்தால் கடைசியில் தோல் முறுக்கிக்கொள்ளும்.

ஃபோம் பத்து மில்லிமீட்டர் போட்டேன், அது தப்பு. ஓரங்கள் சேரவே இல்லை. ஆறு மில்லிமீட்டர் போட்டதும் இழுத்த இடத்துக்கு வந்தது. சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், பட்டையை விரிக்கும்போது விட்டுப்போகும். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம், வெயில் காலத்தில் பசை கசிந்து முடியில் ஒட்டும்.

ஒயர் விஷயம் கவனம். ஒரு காதில் மட்டும் ஒயர் இறங்குகிற ஹெட்போன் என்றால், மறு காதுக்கான ஒயர் இந்தப் பட்டைக்கு உள்ளேதான் குறுக்கே போகும். தெரிந்திருந்தும் கடைசி மூன்று தையல் இருக்கும்போது என் ஊசி அதில் இறங்கிவிட்டது. வலது காது செத்துப் போனது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் அக்கா மகன் வந்து பார்த்தான். அவன் ஐடிஐயில் படித்தவன். இந்த மாதிரி ஒயரின் இழைகளில் நகப்பூச்சு போல ஒரு பூச்சு இருக்கும், அதைப் போக்காமல் ஈயம் ஒட்டாது. அவன் சூடான சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி, அதற்குள் இழையைச் சில நொடி பிடித்தான். பூச்சு கருகி ஈயம் பளபளவென்று ஏறியது. அப்புறம் முறுக்கி இணைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடினான். உடனே சத்தம் வந்தது. நீங்கள் தைக்கும்போது ஒயருக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு தபால் அட்டைத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள், தைத்து முடிக்கும்போது உருவிவிடலாம். எனக்கு இது பிறகுதான் தோன்றியது.

எல்லா ஹெட்போனுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. பேயர்டைனமிக் டிடி 770 புரோ மாதிரி சிலவற்றில் பட்டையின் மெத்தை பிரஸ் பட்டனில் நிற்கும், கழற்றிப் புதிது மாட்டலாம். ஏகேஜி கே 240-ல் இருப்பது எலாஸ்டிக்கில் தொங்குகிற ஒற்றை வார், அதற்கு வேறு வழி. தையலே வராது என்றால் ஜிப் உறை போதும், உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றால்.

"இவ்வளவு நேரத்துக்கு உன் கூலி என்ன, அதில் புதுசே வாங்கலாமே" என்று யாராவது எழுதுவீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, உண்மைதான். ஆனால் பதிமூன்று வருடம் இந்த ஹெட்போனில் கேட்டுத்தான் எத்தனையோ பேருடைய பேச்சை எழுதியிருக்கிறேன். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எங்கே வார்த்தையை விழுங்குகிறார்கள் என்று என் காதுக்குப் பழகியது இதன் சத்தம்தான். தைத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உச்சியில் தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. மூட்ட நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கிறேன்.

உங்களுடையது எந்த மாடல், ஒயர் ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று எழுதுங்கள். என்னிடம் இன்னும் ஒரு சாண் தோல் மிச்சம் இருக்கிறது.