இந்தக் காபி என் செலவு!

கேள்வி: என் மகன் மிலானில் மேற்படிப்பு படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகிறோம். அவனுக்கு உதவியாக இருக்கும் இத்தாலிய நண்பர்களுக்கு ஒரு காபியாவது வாங்கிக் கொடுக்க ஆசை. அதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது?
– வாசகி, சேலம்

பதில்: ‘ஓஃப்ரோ ஈயோ.’ நான் வாங்கித் தர்றேன் என்று அர்த்தம். இந்த இரண்டு வார்த்தை போதும். ஆனால் அதை எப்போது சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

‘பார்’ என்ற பலகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். காலையில் ஊரே காபி குடிப்பது அங்கேதான். பல இடங்களில், குறிப்பாக ரயில் நிலையங்களில், முதலில் ‘காஸ்ஸா’வில், அதாவது கல்லாவில், பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் காபி. அதனால் உள்ளே நுழைந்ததுமே ‘கோஸா ப்ரென்தேதே?’ (என்ன சாப்பிடறீங்க?) என்று எல்லாரையும் கேட்டுவிட்டு, ‘ஓஃப்ரோ ஈயோ’ சொல்லிக்கொண்டே கல்லாவுக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் அசந்தாலும் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.

நான் இத்தாலியின் பொலோன்யா நகரில் வேலை பார்த்தபோது அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் குளிர்கோட்டின் பொத்தானைக் கழற்றுவதற்குள் கல்லாவில் நிற்பார். மறுத்தால் உள்ளங்கையை லேசாக உயர்த்தி, ‘லாஷா, ஃபாச்சோ ஈயோ’ என்பார். விடும்மா, நான் பார்த்துக்கறேன்! ஒரு தடவை மறுக்கலாம், அதற்கு மேல் இழுபறி வேண்டாம். ‘க்ராட்ஸியே’ என்று நன்றி சொல்லி, ‘லா ப்ரோஸ்ஸிமா வோல்தா தொக்கா அ மே’ (அடுத்த தடவை என் முறை) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னபடி செய்தும்விடுங்கள். யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை, ஆனாலும் யார் முறை என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

நின்றபடி குடித்தால் ஒரு எஸ்ப்ரெஸோ பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை யூரோதான். மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும். மிலான் பெரிய தேவாலயச் சதுக்கத்தில் உட்கார்ந்தால் பல மடங்கு. அவர்களே நின்றுதான் குடிப்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

மாலையில் ‘அபெரிதீவோ’ உண்டு, அதாவது இரவுச் சாப்பாட்டுக்கு முன் நண்பர்களோடு குடிக்கும் பானம். கிளாஸோடு ஆலிவ் காய், சிப்ஸ் எல்லாம் வரும். மது வேண்டாமென்றால் ‘அனால்கோலிகோ’ என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அடுத்த சுற்று உங்களுடையது என்றால், ‘க்வெஸ்தோ ஜீரோ ஓஃப்ரோ ஈயோ’ (இந்தச் சுற்று நான் வாங்கித் தர்றேன்). இரவுச் சாப்பாட்டில் யாராவது ‘அல்லா ரொமானா’ என்றால், பில்லைச் சமமாகப் பங்கு போடுகிறார்கள். அங்கே நீங்கள் மட்டும் மொத்தத்தையும் கட்ட வேண்டியதில்லை.

நேப்பிள்ஸ் பக்கம் போனால் ‘கஃபே சொஸ்பேசோ’வைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கட்டுவார்கள். மற்றது, கையில் காசில்லாமல் வரும் முகம் தெரியாத ஒருவருக்கு. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த வழக்கம் இது.

ஒன்று மட்டும் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே பிறந்தநாள்காரர்தான் நண்பர்களுக்குச் செலவு செய்ய வேண்டும்!